நுனி தேயும்வரைதான் துடைப்பம்

கடையில் விளக்குமாறு வாங்குகிறவர்கள் முதலில் அடியைத்தான் பிடித்துப் பார்க்கிறார்கள். கைக்கு நிறைவாக, கனமாக இருந்தால் போதும், காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நுனியை விரித்துப் பார்ப்பவரைக் காண்பது அபூர்வம். ஆனால் தரையைத் தொடுவது நுனி மட்டும்தான். அடி என்பது கை பிடிப்பதற்காக இருக்கிற இடம், அவ்வளவே.

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பின் ஓரத்தில் கொட்டகை போட்டு ஈர்க்குமாறு கட்டி விற்கிற குடும்பம் எங்களுடையது. என் மாமியார் காலத்தில் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். என் கைக்கு வந்தபிறகு அது லாரியில் ஏறுகிற சரக்காகிவிட்டது. எந்த மட்டையை வெட்டுவது, எப்படிச் சீவுவது, எப்போது கட்டுவது, எங்கே மாட்டி வைப்பது என்று இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட எல்லாமே அந்த நுனியைக் காப்பாற்றுகிற வழிகள்தாம். ஈர்க்கைத் தாண்டி மற்ற துடைப்பங்களையும் பிரஷ்களையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கேயும் இதே கதைதான்.

தென்னை மட்டை ஒன்றில் இருநூறுக்கு மேல் ஓலைகள் இருக்கும். ஒவ்வோர் ஓலையின் நடுவிலும் ஓர் ஈர்க்கு. அது அடியில் தடித்து, நுனியை நோக்கிப் போகப்போக மெலிந்துகொண்டே போகும். அடி வளையாமல் நிற்பதால் கையின் விசை கீழே இறங்குகிறது. நுனி வளைந்து தரையோடு படிகிறது, தூக்கியதும் நிமிர்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக் இழை பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் இழுக்கப்பட்டது. அது வளைந்தால் முழுவதும் வளையும், சில மாதத்தில் வளைந்தபடியே நின்றுவிடும்.

எல்லா ஓலையிலும் ஒரே தரத்தில் ஈர்க்கு கிடைக்காது. மட்டையின் நடுப்பகுதியில் இருக்கும் ஓலைகளே நீளமானவை. வாசல் பெருக்கும் துடைப்பத்துக்கு அவைதான் வேண்டும். அடியிலும் நுனியிலும் இருப்பவை குட்டை, அவற்றை வேறு வேலைக்கு ஒதுக்குவோம். நன்றாகப் பராமரித்த மரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும், ஒரு மட்டை பழுத்து விழும். விழுந்த மட்டை இலவசம்தானே என்று பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு மழை நனைந்து மண்ணில் கிடந்த மட்டையின் ஈர்க்கு கறுத்துவிடும், நுனி பொடியும். வெயிலிலேயே கிடந்தது என்றால் முறுகிப்போய், சீவும்போதே ஒடியும். தேங்காய் பறிக்க ஆள் ஏறும்போது, அடித்தட்டில் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும் மட்டையைக் கழித்துப் போடச் சொல்வதுதான் நல்லது. மரத்துக்கும் அதனால் கெடுதல் இல்லை. ஈர்க்குக்கு ஆசைப்பட்டுப் பச்சை மட்டையைக் கழித்தால் அடுத்த வருடம் காயில் தெரிந்துவிடும். தோப்புக்காரர்கள் எங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணமே இதுதான். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இளம் மட்டையின் ஈர்க்கு எதற்கும் ஆகாது என்பதைக் கஜா புயல் கண்ணுக்கு நேரே காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையேறியபோது எங்கள் பக்கத்திலும் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களிலும் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. அதுவரை ஏறி எடுக்க வேண்டியிருந்த மட்டையெல்லாம் காலடியில் கிடந்தது. மரத்தை இழந்தவர்கள் கையில் வேறு வருமானம் இல்லாததால், வீட்டுக்கு வீடு ஈர்க்கு சீவினார்கள். விலை படுத்துவிட்டது. எங்கள் மாமியார் மட்டும், “எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்காதே, தட்டு வாரியாகப் பிரி” என்று ஒற்றைக் காலில் நின்றார். அடித்தட்டு, நடுத்தட்டு, குருத்தை ஒட்டியது என்று மூன்று குவியல் போட்டோம். பார்ப்பதற்குக் குருத்தின் ஈர்க்குதான் அழகு, வெளுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். காய்ந்த பிறகு அது சுருண்டுகொண்டது, வளைத்தால் வளைந்தபடியே கிடந்தது. நடுத்தட்டு சுமார் ரகம். அடித்தட்டு ஈர்க்கு மட்டும் விண்ணென்று நின்றது. இழையில் மரத்தன்மை ஏற நாள் ஆகிறது. முற்றாத ஓலையில் அது இன்னும் ஏறியிருக்காது. அந்த வருடம் கலந்து கட்டி அனுப்பியவர்களின் சரக்கு பல இடங்களிலிருந்து திரும்பி வந்தது.

அடுத்து வந்த வருடங்களில் எல்லாம் தலைகீழ். மரமே இல்லாத ஊரில் மட்டைக்கு எங்கே போவது? நட்ட நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை பொள்ளாச்சியிலிருந்து ஈர்க்கு வாங்கிக் கட்டினோம். அங்கே வேறொரு சிக்கல். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று ஒரு பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் கண்டறியப்பட்டது. அது ஓலையின் அடிப்புறத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை விடும். கீழே இருக்கிற ஓலையின்மேல் அது வழிந்து, அதில் கரும்பூஞ்சாணம் படரும். அப்படிப்பட்ட ஓலையில் சீவிய ஈர்க்கு கரி பூசியது போல வரும். கையெல்லாம் கறுப்பு. வாங்குகிறவர் அழுகல் என்று நினைத்து ஒதுக்குவார். உண்மையில் அந்தக் கறுப்பு மேலோடு ஒட்டியிருப்பதுதான். சாக்குத் துணியால் அழுத்தித் துடைத்து, தண்ணீரில் அலசி உலர்த்தினால் போய்விடும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பு உரிந்து உள்ளே பழுப்பு தெரிந்தால் பயமில்லை. உள்ளேயும் கறுப்பாக இருந்தால் அது உளுத்தது, விட்டுவிடலாம்.

சீவுவதைப் பெண்கள்தான் செய்கிறார்கள். ஓலை வாடத் தொடங்கி, ஆனால் முழுதும் காயாத பதத்தில் கத்தி இலகுவாக ஓடும். ஓலையின் அடியைப் பிடித்துக்கொண்டு, கத்தியை நுனியை நோக்கி இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் கத்தி ஈர்க்கின் தோலில் ஏறிக் கீறிவிடும், கீறிய இடத்தில்தான் அது பின்னால் ஒடியும். ஓலை முழுவதும் காய்ந்துவிட்டால் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் சீவலாம். நுனிப் பக்கம் கொஞ்சம் ஓலை ஒட்டியிருந்தால் பரவாயில்லை, பெருக்கப் பெருக்க அது தானே உதிரும். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நுனிவரை சுரண்டுகிறவர்கள் ஈர்க்கின் தோலையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஈர்க்கு உரிக்க இயந்திரம் வாங்கினார். ஈர ஓலைக்கு நன்றாகவே ஓடுகிறது. காய்ந்த ஓலையைக் கொடுத்தால் நுனியில் ஒரு சாண் அறுந்து உள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு சாண்தானே சரக்கு.

கட்டைவிரலில் சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டி மாட்டிக்கொண்டால் வெட்டுப்படாது. துணி சுற்றினால் ஈரம் ஏறிப் புண்ணாகிறது. கூலி கிலோக் கணக்கில்தான் கொடுக்கிறோம். நாள் முழுக்கச் சீவினாலும் எடை ஏறுவதில்லை என்பது உட்கார்ந்து சீவிப் பார்த்தால்தான் புரியும். துடைப்பத்துக்குப் பேரம் பேசுகிறவர்களிடம் எனக்கு வருகிற கோபம் முழுக்க வியாபாரக் கோபம் அல்ல.

உலர்த்துவது பொறுமை கேட்கிற வேலை. குவித்துப் போட்டால் நடுவில் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். பரப்பிப் போட்டு, ஒருபக்கம் காய்ந்ததும் புரட்டிவிட வேண்டும். பதம் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஈர்க்கின் தடித்த பக்கத்தை வளையுங்கள். ஒடியாமல் மடங்கி நின்றால் ஈரம் இருக்கிறது. சட்டென்று ஒடிந்தால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் கட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் வெயிலை நம்ப முடியாது. அப்போது கட்டுக்கட்டாகத் தளர்த்திக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம். புகை படிந்த ஈர்க்கு நிறம் மங்கும், ஆனால் பூச்சி தொடாது.

ஈரம் இருக்கும்போதே அவசரமாகக் கட்டிவிடுவதுதான் சந்தையில் கிடைக்கும் துடைப்பங்களின் பெரிய குறை. கட்டும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் ஈர்க்கு காய்ந்து சுருங்கும், கட்டு தளரும், பெருக்கும்போது ஒன்றொன்றாக உருவி விழும். அப்படித் தளர்ந்த துடைப்பத்தை வீசிவிட வேண்டியதில்லை. விரல் பருமனில் ஒரு மூங்கில் ஆப்பு செதுக்கி, அடிப்பக்கத்தின் நடுவில் வைத்துச் சுத்தியலால் இறக்குங்கள். கட்டு உள்ளிருந்து இறுகிவிடும். நுனியும் சற்று விரியும், அதுவும் நல்லதுதான். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த வேலை இது.

எதைக் கொண்டு கட்டுவது என்பதில் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. இரும்புக் கம்பி இறுக்கமாக நிற்கும், ஆனால் குளியலறையிலும் முற்றத்திலும் புழங்கினால் துருப்பிடித்துத் தரையில் கறை விடும். நைலான் கயிறு வழுக்கிக்கொண்டு வரும். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினால், ஈர்க்கு சுருங்கச் சுருங்க அதுவும் கூடவே சுருங்கும். வீட்டுத் துடைப்பத்துக்கு அதுவே போதும். கழி செருகிய தெருத் துடைப்பத்துக்கு மட்டும் கம்பி.

கட்டுவதில் முக்கியமான ஒன்று. அடியைத் தரையில் தட்டித் தட்டிச் சமப்படுத்தினால் நுனி ஏற்ற இறக்கமாக நிற்கும். பார்க்க அழகாக இல்லை என்று சிலர் நுனியைக் கத்தரித்து நேராக்கிவிடுகிறார்கள். கத்தரித்த துடைப்பம் கடையில் லட்சணமாக இருக்கும், தரையில் கோடு போடும். மெலிந்த பகுதி போய்விட்டதால் தடித்த முனைகள் குத்திக்கொண்டு ஓடும், தூசி அவற்றின் இடையில் தப்பிவிடும். வெட்ட வேண்டுமானால் அடியைத்தான் வெட்ட வேண்டும். நுனியை ஒப்பமாக வைத்து அடுக்கி, மிஞ்சுகிற அடியை அறுத்துவிடுவதுதான் எங்கள் முறை. ஆகவே கடையில் நுனியைப் பாருங்கள். முனைகள் ஊசிபோல மெலிந்து, ஒன்றுக்கொன்று சற்று ஏறி இறங்கி இருந்தால் கத்தரிக்காதது. எல்லாம் ஒரே கோட்டில், மொட்டையாக இருந்தால் கத்தரித்தது. அப்படியே கட்டை விரித்து நடுவையும் பாருங்கள். வெளிவட்டத்தில் நீள ஈர்க்கும் உள்ளே குட்டையும் ஒடிசலும் வைத்துக் கட்டுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். கனமான துடைப்பம் நல்ல துடைப்பம் என்பதும் தப்பு. ஈரமும் கனக்கும்.

எங்களிடம் வாங்கும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், கழித் துடைப்பம் கேட்டால் அளவு சொல்லித்தான் கேட்பார். கழியும் துடைப்பமும் சேர்ந்து அவர் தோள் உயரத்துக்கு வர வேண்டும். அதற்குக் குறைந்தால் முதுகு வளைகிறது. ஈர்க்கை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் சாய்வாகக் கட்டச் சொல்வார். கழியைச் சாய்த்துப் பிடிக்கும்போது நுனி முழுவதும் தரையில் படிய வேண்டுமே, அதற்காக. சமமாகக் கட்டியதைக் கொடுத்தால் கொஞ்ச நாளில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, அது தானாகவே அந்தச் சாய்வுக்கு வந்துவிடுகிறது. வீணாவது ஈர்க்கு. இதை எந்த வியாபாரியும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

குட்டை ஈர்க்குகளை ஒதுக்குவோம் என்றேன் அல்லவா, அவற்றுக்கு நல்ல வாடிக்கையாளர்கள் உணவகங்கள். தோசை மாஸ்டர் கல்லில் தண்ணீரைத் தெளித்து, ‘சொய்ங்’ என்ற சத்தம் அடங்குமுன் சின்ன ஈர்க்குமாற்றால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவாரே, அந்தத் துடைப்பம்தான். அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வரவே முடியாது. துடைப்பங்களில் புழங்கும் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகத் தொடங்கிவிடும். தோசைக்கல்லின் சூடு அதை எளிதில் தாண்டும். ஈர்க்கு கருகுமே தவிர உருகி ஒட்டாது. தண்ணீர் தெளித்தபின் இழுப்பதால் கருகுவதும் குறைவு. ஆனால் சாப்பாட்டைத் தொடுகிற பொருள் என்பதால் இதைக் கட்டுவதில் சில கட்டாயங்கள் உண்டு. புது ஈர்க்காக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு உலர்த்த வேண்டும், கம்பி போடக் கூடாது, பருத்தி நூலால் கட்ட வேண்டும். வாங்கிப் போகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. நுனி கருகி உடையத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். தோசையில் ஈர்க்குத் துண்டு வந்தால் திட்டு வாங்குவது மாஸ்டர்தான். வீட்டிலும் இதைக் கட்டிக்கொள்ளலாம், ஒரு சாண் நீளத்தில் ஒரு கைப்பிடி ஈர்க்கு போதும்.

மொசைக், டைல்ஸ் தரைக்கு ஈர்க்குமாறு சரிப்படாது என்பதை ஈர்க்குமாறு விற்கிற நானே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்திலும் பூந்துடைப்பம்தான். அது புல்லின் பூங்கொத்து. மேகாலயா, அசாம் மலைச்சரிவுகளில் நிறைய விளைகிறது, நம் கொல்லிமலை போன்ற இடங்களிலும் உண்டு. ஜனவரி முதல் மார்ச்வரை அறுவடை. அதிலும் நுனியைப் பற்றிய அதே கேள்விதான் எழுகிறது. பூ பதமாக முதிர்வதற்கு முன் அறுத்தால் காம்பு தொய்ந்துவிடும், முற்றவிட்டு அறுத்தால் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். புதுத் துடைப்பம் முதல் சில நாள் பொடி உதிர்ப்பது இயல்பு. வெளியே கொண்டுபோய்ப் பழைய சீப்பால் நன்றாக வாரிவிட்டால் பாதித் தொல்லை தீரும். லேசான பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் இருப்பதை எடுங்கள். வைக்கோல்போல வெளுத்திருந்தால் அது முற்றியது, மாதக்கணக்கில் உதிரும். இதில் ஏமாற்று எல்லாம் கைப்பிடியில் இருக்கிறது. நீளமான பிளாஸ்டிக் குழாய்க்குள் காம்பு இரண்டு விரல் அளவுக்குத்தான் நுழைந்திருக்கும். குழாயை மேலிருந்து கீழ்வரை அமுக்கிப் பார்த்தால் எங்கே வெற்றிடம் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். பூந்துடைப்பம் நனையக் கூடாது. நனைந்தால் பூ ஒட்டிக் கட்டியாகி, பூசண வாடை வரும். ஈரத் தரைக்கு ஈர்க்கைத்தான் எடுக்க வேண்டும்.

நீலகிரி, சத்தியமங்கலம் மலைகளில் பழங்குடி மக்கள் சிற்றீச்சம் ஓலையை அறுத்துச் சீமாறு கட்டுகிறார்கள். கொங்குப் பக்கத்துச் சந்தைகளில் கிடைக்கும். மாட்டுக் கொட்டகைக்கும் களத்துக்கும் அது ஈர்க்கைவிட மெத்தென்று, அகலமாகப் பெருக்கும். ஓலையை மட்டும் அறுத்தால் செடி மறுபடி தழைத்துவிடும்.

இவையெல்லாம் பிறக்கும்போதே நுனியோடு பிறந்தவை. சில பொருள்களுக்கு நாம்தான் நுனி உண்டாக்க வேண்டும். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துப் பனந்தும்பு அப்படிப்பட்டது. வடலி என்கிற இளம் பனையின் மட்டை மரத்தைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியை எடுத்து, கட்டையால் அடித்து நாரைப் பிரித்து, ஆணிச் சீப்பில் வாரி, நீளவாரியாகக் கட்டி ஏற்றுமதி செய்தார்கள். வெளிநாடுகளில் தெருக்கூட்டும் பிரஷ்களுக்கு அது போயிற்று. விறைப்பான நார். வீட்டில் துணி துவைக்கிற, தொட்டி தேய்க்கிற பிரஷ்ஷுக்கு மிகவும் ஏற்றது. தேங்காய் நாரிலும் நீளமான, முரட்டு இழையைத் தனியே பிரித்துப் பிரஷ் செய்வார்கள். இலங்கை இதில் பெயர்பெற்றது, யாழ்ப்பாணத்தில் தும்புத்தடி என்கிற நார்த் துடைப்பம் இல்லாத வீடு அரிது. தேங்காய் நாரில் லிக்னின் என்ற மரப்பொருள் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாது. அதனால்தான் தண்ணீரிலேயே கிடந்தாலும் அது சீக்கிரம் அழுகுவதில்லை. பாத்திரம் துலக்க, தண்ணீர்த் தொட்டியின் பாசியைத் தேய்க்க இதை மிஞ்ச ஒன்று இல்லை என்பது என் கட்சி. வேப்பங்குச்சியின் முனையை மென்று பல் துலக்கினவர்கள் செய்ததும் நுனி உண்டாக்குகிற வேலைதான்.

இனி சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீடுகள் குறைந்துவிட்டன, ஆனால் பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் நல்லது என்று இப்போது மறுபடி கேட்டு வருகிறார்கள். அவர்கள் பெயிண்ட் கடையில் விலையுயர்ந்த பன்றிமுடி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு வாளியில் முக்குகிறார்கள். பன்றிமுடியும் நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். சுண்ணாம்பின் காரம் அதை அரித்துத் தின்றுவிடும். சுவர் முடிவதற்குள் முடி கொழகொழத்து உதிரும். தாவர நாருக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. அதனால்தான் நம் ஊரில் சுண்ணாம்புக்கு எப்போதும் மட்டை என்கிற நார் பிரஷ். ஆற்றோரமும் கடலோரமும் வளர்கிற தாழையின் விழுதை ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை ஊறவைத்துக் கல்லின்மேல் வைத்துத் தட்டினால், சதை கழன்று நார் மட்டும் குஞ்சம்போல நிற்கும். தென்னை மட்டைத் துண்டிலும் இப்படிச் செய்யலாம், நார் கொஞ்சம் முரடாக இருக்கும். தட்டும்போது கட்டையால் மெல்லத் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் நார் நசுங்கி அறுந்துவிடும். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி நிழலில் தொங்கவிட்டால் அடுத்த வருடமும் உதவும்.

பன்றிமுடியைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம். எண்ணெய்ப் பெயிண்ட்டுக்கு அதுதான் ராஜா. என் தம்பி பெயிண்டர், அவன் பிரஷ் ஒன்றைப் பிரித்துக் காட்டினான். ஒவ்வொரு முடியும் அடியில் தடித்து, போகப்போக மெலிந்து, கடைசியில் இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவுதான் பெயிண்ட்டைப் பிடித்துவைத்துச் சீராக இறக்குகிறது. தண்ணீரில் கலக்கிற எமல்ஷனுக்கு மட்டும் அது வேண்டாம். முடி தண்ணீரைக் குடித்துத் துவண்டுவிடும். அங்கே நைலான் அல்லது பாலியெஸ்டர் எடுங்கள். நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே 1938-ல் பல் துலக்கும் பிரஷ்ஷாகத்தான். அதற்கு முன் அங்கேயும் பன்றிமுடிதான் இருந்தது. இப்போது விலைகூடிய நைலான் பிரஷ்களில் இழையின் நுனியை மெலிதாக்கி, பிளந்தே விற்கிறார்கள். ஈர்க்கும் பன்றியும் சும்மா கொடுத்ததைத் தொழிற்சாலையில் செய்து காசு வாங்குகிறார்கள்.

ஓவியம் வரைகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். கீரிமுடித் தூரிகை என்று யாராவது மறைவாக எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கீரி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிற பிராணி. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். அந்த முடியின் விறைப்பும் கூர்மையும் உண்மைதான், அதற்காகத்தான் அவற்றைக் கொல்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் செயற்கை இழை வந்ததைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

வாங்கிய துடைப்பத்தை வைத்துக்கொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நுனி கீழே இருக்கும்படி மூலையில் சாய்த்து வைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. முழுப் பாரமும் நுனியில் இறங்கி, ஒரே பக்கமாக வளைந்துவிடுகிறது. வளைந்தது பிறகு நிமிராது. அடியில் ஒரு கயிறு கோத்து ஆணியில் மாட்டிவிடுங்கள், நுனி தரையைத் தொடாமல் தொங்கட்டும். ஈர்க்குமாறு நனைந்தால் அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி நீரை உதறிவிட்டு, வெயிலில் கிடத்துங்கள். கட்டுக்குள் நிற்கிற ஈரம்தான் அதை அழுக வைக்கிறது. பெருக்கும்போது பத்து நாளுக்கு ஒருமுறை துடைப்பத்தின் முகத்தைத் திருப்பிப் பிடித்தால் இருபக்கமும் சமமாகத் தேயும்.

நுனி தேய்ந்து பாதியானதை வாசலுக்கு வைத்திருப்பதில் பொருளில்லை, கைவலிதான் மிச்சம். அது சாக்கடைக்கும் தொழுவத்துக்கும் போகட்டும். முரட்டு முனைதான் அங்கே தேவை. சிமெண்ட் தரையில் படிந்த பாசியை அதைப்போல எதுவும் சுரண்டாது. அங்கேயும் தேய்ந்து கட்டையானபின் வெந்நீர் அடுப்பில் போடலாம், நன்றாக எரியும். போடுமுன் டியூப் வளையத்தைக் கழற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் எரிந்தால் நாற்றம் தாங்காது, வளையம் அடுத்த கட்டுக்கும் ஆகும்.